ஒன்பதாம் குழியில் முகூர்த்தக்கால்

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும் வீட்டு வாசலில் என்னவெல்லாம் இருக்கலாம்? பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருக்கலாம். வாடகைப் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடக்கலாம். சொந்தபந்தங்களின் செருப்பு குவிந்திருக்கலாம். ஒன்பது குழி இருக்கலாமா?

சித்ரா இந்தக் கேள்வியைப் போன வாரம் முழுக்கப் புருஷனிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். முருகானந்தம் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு சித்ரா."

நடக்கத்தான் சொன்னார். குழி தோண்டச் சொல்லவில்லை.

இருபத்தாறு வருஷம் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர் முருகானந்தம். முதுகில் டிஸ்க் விலகியதும் வண்டியைப் பங்காளியிடம் விட்டுவிட்டு, போன பொங்கலோடு வெண்ணந்தூருக்கே வந்து சேர்ந்தார். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள், காரியமில்லாமல் நடக்க நான் என்ன பைத்தியமா என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் நாள், மகாராஷ்டிரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு போர் போட்டது ஞாபகம் வந்தது. பணக்காரர்கள் ஒரு சின்னப் பந்துக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்ததை அவர் அங்கே இரண்டு மாதம் வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

முக்கால் இஞ்சு இரும்புக் குழாய் நுனியில் ஒரு டீ ஜாயிண்டை வெல்டிங் வைத்தால் மட்டை. பெட்டிக்கடை வெள்ளை ரப்பர் பந்துதான் பந்து. அவரவர் பந்தில் அவரவர் பேரை எழுதிக்கொள்ள வேண்டும். கோழிக்கூண்டுக்குப் பின்னால் முதல் குழி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டாவது என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் ஈசானிய மூலைக்கு வந்தால் ஒன்பதாவது. பந்து மாட்டுத் தொட்டியில் விழுந்தால் ஒரு அடி அபராதம். துளசி மாடத்தில் பட்டால் இரண்டு. இந்த இரண்டாவது சட்டம் மாடத்தின் ஒரு மூலை பெயர்ந்த பிறகு சித்ரா போட்டது.

குழியாவது ஒரு சாண் ஆழத்தோடு நின்றதா? ரிக்காரர் கைக்கு அது வராது. பழைய சிநேகிதரிடம் துளை போடும் மெஷின் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் இரண்டடிக்கு இறக்கி, உள்ளே அஞ்சு இஞ்சு கேசிங் பைப்பைச் செருகி, மேலே நீல மூடியும் போட்டார். பந்து உள்ளே விழுந்தால் கைக்கு எட்டாது. அதை அள்ளி எடுக்க நீளக் கம்பியில் ஒரு குழிக்கரண்டியைக் கட்டி வைத்திருந்தார். தன்னுடைய பாயசக் கரண்டி எங்கே போயிற்று என்பது சித்ராவுக்கு ஆடி மாதம்தான் தெரிந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், பொன்னாயி வராமல் இருந்திருந்தால்.

பொன்னாயி முருகானந்தத்தின் அக்கா, சித்ராவுக்கு நங்கையா. ராசிபுரத்தில் இருப்பவர். தம்பி மகள் இலக்கியாவைத் தன் மகன் சிவபிரகாஷுக்கு எடுப்பதாக இருந்தார். இலக்கியா மாட்டேன் என்றுவிட்டாள். "என்ற பையன் மனசு ஒடஞ்சு கெடக்கறான், இனி அந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்" என்று போனவர், இரண்டு வருஷமாக ஏறவில்லை. ஆனால் பிறந்த வீட்டுப் பெண் கை வைக்காமல் முகூர்த்தக்கால் நடுவது எப்படி? சித்ரா தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை ராசிபுரத்துக்கு அலைந்தாள். மூன்றாவது தடவை மனமிரங்கி, மஞ்சள் பையில் நாலு சேலையோடு நேற்று சாயங்காலம் பொன்னாயி வந்து இறங்கினார்.

அவர் முகம் சுளித்துத் திரும்பிப் போனால், அவரைப் பார்த்து வருகிற நாற்பது குடும்பமும் வராது. அத்தை இல்லாத மேடையில் இலக்கியா உட்கார வேண்டியிருக்கும். சித்ராவுக்கு வேறு எதுவும் வேண்டாம். இந்த ஒன்பது நாளும் பொன்னாயி இந்த வீட்டில் இருந்தால் போதும்.

அதனால்தான் நேற்று மத்தியானமே கறாராகச் சொன்னாள்.

"ஏனுங்க, நங்கையா வந்து எறங்கறதுக்குள்ள ஒம்போது குழியும் மூடியிருக்கோணும்."

"மூடிடறேன்."

மூடத்தான் செய்தார். குழிக்குக் குழி நட்டிருந்த கொடிகளைப் பிடுங்கினார், மட்டைகளைப் பரண்மேல் போட்டார், ஒவ்வொரு குழிக்கும் மூடியைத் திருகி மேலே நாலு விரல் மண்ணைத் தள்ளினார். போட்ட போரை யாராவது மண் கொட்டித் தூர்ப்பார்களா? சித்ரா சாணி கரைத்து மெழுகி, கோலமும் போட்டு, ஒரு பெருமூச்சு விட்டாள்.

இன்றைக்குத் திங்கள்கிழமை. காலை ஆறிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம், ஏழரைக்கு ராகு காலம். குழி தோண்ட வருவதாக இருந்த பந்தல்கார ரங்கன், ஏழு மணிக்குப் போன் செய்து, வண்டி பஞ்சராகி ஆட்டையாம்பட்டியில் நிற்பதாகச் சொன்னார்.

முருகானந்தமே கடப்பாரையை எடுத்தார். ஈசானிய மூலையில் ஓங்கிக் குத்தினார். கீழே சுக்கான் கல். நாலு குத்துக்கு ஒரு விரற்கடை இறங்கியது. ஐந்தாவது குத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே பொன்னாயி பச்சைக் கொம்புக்கு மஞ்சள் பூசி, நவதானிய முடிச்சைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆச்சா தம்பி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முருகானந்தம் இரண்டடி தள்ளிக் காலால் மண்ணை ஒதுக்கினார். சாணி மெழுகலுக்கு அடியில் நீல மூடி எட்டிப் பார்த்தது. அவர் சித்ராவைப் பார்த்தார். சித்ரா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு பதினாறு.

தலையை ஆட்டிவிட்டாள்.

முருகானந்தம் மூடியைத் திருகினார். "சித்ரா, உள்ள வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"பேசாதீங்க. நேரமாவுது."

அவர் பேசவில்லை. கொம்பு வந்தது, இறங்கியது, சுற்றிலும் ஈரமண்ணை அணைத்தார்கள். பொன்னாயி பால் ஊற்றினார், குங்குமம் வைத்தார், இலக்கியாவின் நெற்றியிலும் வைத்துவிட்டு, அவள் கன்னத்தைத் தடவி விரலை முத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அந்த நிமிஷத்தில் குழியாவது பைப்பாவது என்று இருந்தது சித்ராவுக்கு.

அது இரண்டு மணி நேரம்தான் நிலைத்தது.

ஒன்பதே காலுக்குப் பொன்னாயி தோசை சாப்பிட உட்கார்ந்தார். நல்ல மனநிலையில் இருந்தார், நிறையப் பேசினார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருக்குதல்ல? பேரென்ன?"

"பிரீத்திங்க நங்கையா. மாப்பிள்ளை குமரனுக்கு ஒரே தங்கச்சி. அதுதான் அண்ணனுக்கு இணைச்சீர் செய்யப் போவுது."

"நல்ல அடக்கமான புள்ளையாட்டமிருக்குது. நிச்சயத்துப் போட்டோவுல பாத்தேன், குனிஞ்ச தல நிமிரல." ஒரு வாய் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். "நம்ம சிவாவுந்தான் பாவம். சூரமங்கலத்துல ரயில்வே ஆபீசு வேல. ஞாயித்துக்கெழமையாவது படுத்துத் தூங்குவானா? ஃபேர்லேண்ட்ஸ்ல ஏதோ பரிச்சைக்கு வகுப்பாம், காத்தால போனா பொழுதுக்குத்தான் வாரான். மனசு ஒடஞ்சத மறக்கறதுக்குப் படிக்கறான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

இலக்கியா சட்டென்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். முருகானந்தம் தோசையை ரொம்ப நுணுக்கமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பழைய புண்ணைக் கிளறுகிறார்களே என்ற சங்கடம் என்று சித்ரா நினைத்துக்கொண்டாள்.

பொன்னாயி இரண்டாவது தோசைக்குச் சட்னி கேட்கவில்லை. கதவு வழியே வாசலையே பார்த்தார்.

"சித்ரா, நாம நட்டப்ப கொம்புல கட்டுன மாவெல எந்தப் பக்கம் பாத்துது?"

"கெழக்கீங்க."

"இப்பத் தெக்க பாக்குது."

சித்ரா புருஷனைப் பார்த்தாள்.

"காத்துங்கக்கா" என்றார் முருகானந்தம்.

ஆவணிப் புழுக்கத்தில் முருங்கை இலைகூட அசையாமல் நின்றது. பொன்னாயி கையைக் கழுவினார். நேராக வாசலுக்குப் போனார். முகூர்த்தக்காலின் மேல் ஒரு விரலை வைத்தார். அது சாய்ந்தது. விரலை எடுத்தார். அது நிமிர்ந்தது. தலையில் கை வைத்து அழுத்தினார். கீழே போனது. கையை எடுத்தார். மேலே வந்தது.

"ஏன்டா முருகா, கொம்பு குதிக்குதேடா."

பொன்னாயி கொம்பைப் பிடித்துத் தூக்கினார். கேரட் மாதிரி சுலபமாக வந்தது. அடியில் வெள்ளைக் கேசிங் பைப் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இதென்ன குழி?"

"நாந்தான் போட்டேனுங்கக்கா" என்றார் முருகானந்தம். "நடக்கறதுக்காக ஒரு வெளையாட்டு. காத்தால நேரமாயிருச்சுன்னு இதுலயே எறக்கிட்டேன். சித்ராவுக்கு ஒண்ணுந்தெரியாது."

எட்டு மாதமாகச் சொன்ன ஒரு சொல்லைக் கேட்காத மனுஷன், யாரும் கேட்காதபோது பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். சித்ராவுக்கு அவர்மேல் வந்த பாசத்தில் அவரை நாலு சாத்தலாம் போல இருந்தது.

"தெரியுமுங்க நங்கையா. அவரு என்னயத்தான் பாத்தாரு. நாந்தான் தலயாட்டுனேன்."

பொன்னாயியின் முகம் இறுகியது. "என்ற தம்பி மகளுக்கு நட்ட முகூர்த்தக்கால, வெளையாட்டுக் குழியில எறக்கி, அதுக்கு என்னயப் பால ஊத்த வெச்சீங்க. இதுக்குத்தான் மூணு தடவ வந்து கூப்புட்டயா அம்மிணி?"

கேட்டதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"என்ற பைய எடுத்துட்டு வா. பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிடறேன்."

போச்சு. நாற்பது குடும்பமும் அந்தப் பதினோரு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது போலிருந்தது சித்ராவுக்கு. கதவோரம் இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முருகானந்தம் வேகமாகப் பையை எடுக்கக் கிளம்பினார். அந்த வேகம்தான் சித்ராவுக்குப் புரியவில்லை. அக்காவைக் கெஞ்ச வேண்டியவர், பையைத் தேடி ஓடுகிறார்.

பொன்னாயிக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"நில்லுடா. கொம்பு எதும்மேல குதிச்சுது? உள்ள என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. கடைசி ஆட்டத்துப் பந்து."

"நான் எதும்மேல பால ஊத்துனேன்னு நான் பாக்கோணும். எடு."

"அது எதுக்குங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமா..."

"எடுறா."

பரண்மேலிருந்து கம்பி வந்தது. அதன் நுனியைப் பொன்னாயி உற்றுப் பார்த்தார்.

"இது பாயசக் கரண்டியல்ல?"

"ஆமாங்க நங்கையா" என்றாள் சித்ரா. "மூணு மாசம் தேடுனேனுங்க."

பொன்னாயி தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி சித்ராவுக்காகவும் இருந்தது.

கரண்டி உள்ளே போனது. முதலில் வந்த பந்து பாலும் நவதானியமும் அப்பி வந்தது. துடைத்தால் 'முருகா' என்று எழுதியிருந்தது. அடுத்தது 'சின்னராஜ்'. அவர் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற கண்டக்டர். தினம் ஆட வருகிறவர்.

"அவ்வளவுதானுங்கக்கா."

"கரண்டிய உள்ள உடு."

மூன்றாவது பந்தை முருகானந்தம் கையில் மறைத்துக்கொள்ளப் பார்த்தார். பொன்னாயி பிடுங்கிக்கொண்டார். முந்தானையால் துடைத்தார். கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

'சிவா'.

கடைசி எழுத்தின் துணைக்காலை நீளமாக இழுத்து ஒரு சுழி சுழித்திருந்தது. பொன்னாயியின் மாத்திரை டப்பாக்களில் காலை, மாலை என்று எழுதி ஒட்டியிருப்பதும் இதே கைதான், இதே சுழிதான்.

"எத்தன நாளா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சித்ராவைப் பயமுறுத்தியது.

"சித்திரையிலிருந்துங்க" என்றார் முருகானந்தம். "ஞாயித்துக்கெழம வருவான்."

சித்ரா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கடைவீதியில் அவளுக்கு ஒரு தையல் கடை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வீடு; நேற்று ஒருநாள்தான் நங்கையாவுக்காகக் கடையைப் பூட்டினாள். அந்த ஞாயிறுகளில் தன் வீட்டு வாசலில் நடந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்குந் தெரியும் அத்தை" என்றாள் இலக்கியா. "சிவா மச்சான் என்னய ஒரு சொல்லு தப்பாச் சொல்லல. கல்யாணத்துக்கு என்ன வேணும்னுதான் கேட்டாரு."

"அப்ப அவன் மனசு?"

முருகானந்தம் கரண்டியைக் கீழே வைத்தார். "மொத நாளு வந்தப்ப கேட்டுல நின்னான்க்கா. உள்ள வாடான்னு சொல்லறதுக்கும் எனக்கு வாய் வரல, அவனுக்கும் பேச்சு வரல. கையில ஒரு மட்டையக் குடுத்தேன். நாலாவது குழிக்குப் போறப்ப சிரிச்சுட்டான். பொறவு வாராவாரம் வந்தான். உங்களுக்குச் சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு பயந்தான். இவகிட்டச் சொன்னா, நேரா உங்ககிட்ட வந்து சொல்லீருவா."

ஆக, இரண்டு வருஷமாக இந்தச் சண்டையைக் கட்டிச் சுமந்தது இரண்டே பெண்கள். ஒருத்தி படி ஏறாமல் சுமந்தாள், ஒருத்தி தாம்பாளத்தோடு சுமந்தாள். மற்றவர்கள் வாசலில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சித்ரா பொன்னாயியைப் பார்த்தாள். பொன்னாயியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மள ரெண்டு பேரையும் கேனச்சியாக்கிப் போட்டாங்க புள்ள" என்றார் பொன்னாயி.

"ஆமாங்க நங்கையா."

"முருகா, அவனுக்குப் போனப் போடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

முருகானந்தம் கைபேசியை எடுத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டான் சிவபிரகாஷ். ஹலோகூடச் சொல்லவில்லை.

"மாமா, அம்மா கெளம்பிருச்சா? ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்குதல்ல?"

பொன்னாயி கைபேசியை வாங்கினார். அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பு ஒன்று முழுசாக ஓடி முடிந்தது.

"இன்னும் கெளம்பல சாமி" என்றார்.

பொன்னாயியே தொடர்ந்தார்.

"புதங்கெழம நல்ல நேரம். முகூர்த்தக்கால மறுக்கா நடோணும். லீவு போட்டுட்டு வா. வந்து நீயே குழி நோண்டு. சுக்கான் கல்லு, ஒடம்பு வளையட்டும். அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

போனைத் தம்பி கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில் மஞ்சள் பையைத் தானே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தார். சேலைகளை வெளியே எடுத்து மடிக்கிற சத்தம் கேட்டது. சித்ரா பிடுங்கிப் போட்ட கொம்பைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினாள். அத்தை போகவில்லை. புதன்கிழமை சம்பந்தி வீட்டாரும் குடும்பத்தோடு முகூர்த்தக்கால் பார்க்க வருகிறார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும்.

முருகானந்தம் மெதுவாகக் குழியை நோக்கி நகர்ந்தார். மூடி கையில் இருந்தது.

"அங்கயே நில்லுங்க" என்றாள் சித்ரா. "இன்னைக்கு நான் தூர்க்கறேன். மண்ணப் போட்டு."

"நான் பாத்துக்கறேன் சித்ரா. நீ உள்ள போ."

காலையில் மூடியைத் திருகும்போது 'உள்ள வந்து' என்று இழுத்த அதே குரல். கம்பியை அவளே எடுத்தாள். தன் பாயசக் கரண்டியைத் தானே குழிக்குள் விட்டாள். அடியில் இன்னும் ஒன்று உருண்டது. மூன்றாவது முயற்சியில் ஏறி வந்தது.

இந்தப் பந்தில் எழுத்து சின்னதாக, அழகாக இருந்தது. பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது.

'பிரீத்தி'.

சித்ராவுக்குத் தெரிந்து அந்தப் பேரில் ஒரே ஒரு பெண்தான் உண்டு. குனிந்த தலை நிமிராத பெண்.

"சொல்லலாம்னுதான் காத்தால வாயெடுத்தேன்" என்று முருகானந்தம் முணுமுணுத்தார். "சிவாவும் அந்தப் புள்ளையும் ஞாயித்துக்கெழம ஒண்ணாத்தான் வருவாங்க."

"சித்ரா" என்று உள்ளேயிருந்து பொன்னாயி கூப்பிட்டார். "இன்னும் உள்ள ஏதாச்சும் இருக்குதா?"

சித்ரா பந்தைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். காலையில் தலையாட்டியதற்கே இவ்வளவு ஆகிவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க நங்கையா" என்றாள்.